வீட்டுக் கணக்கு: சீட்டாட்டத்தில் தோற்கவில்லை... ஆனாலும் 70 டாலர் நஷ்டம்!

வெள்ளிக்கிழமை ராத்திரி, மணி 12.40. கடைசியாகக் கிளம்பிய நண்பரின் கார் தெருமுனையில் திரும்புகிறது. வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வருகிறார் வீட்டுக்காரர்.

மேஜை மேல் மூன்று காலி பீட்சா பெட்டிகள். தரைவிரிப்பில் மிதிபட்டு நொறுங்கிய சிப்ஸ். வந்தவர்கள் ஏழு பேர்தான், ஆனால் பாதி குடித்து வைத்த டம்ளர்கள் பதினான்கு. குப்பைப் பையைக் கையில் பிடித்தபடி மனைவி நிற்கிறார்.

"இன்னைக்கு ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?"

"ரெண்டும் இல்ல. இருபது டாலர் போட்டேன், அதே இருபது டாலரோட எழுந்தேன்."

"அப்ப அந்த எண்பது டாலர் பில்லு?"

பதில் இல்லை.

இந்த வீடு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் தவறாமல் எட்டு நண்பர்கள் கூடி போக்கர் ஆடும் வீடு. நாம் கற்பனை செய்த வீடுதான். ஆனால், வாரா வாரம் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். "எல்லாரும் வந்து ஆடுறாங்க, சாப்பிடுறாங்க, போறாங்க. செலவு மட்டும் ஏன் நம்ம தலையில?"

கேள்வி நியாயமானது. பதிலில்தான் சிக்கல். தப்பான இடத்தில் கை வைத்தால் நட்பும் போகும், சில ஊர்களில் போலீஸும் வரும். எப்படி என்று பார்ப்போம்.

எண்பது டாலர் எங்கே போனது?

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்க வீடுகளில் அதிகம் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டு திறக்கத் திறக்க ஒவ்வொருவரும் பந்தயம் கட்டுவார்கள். அந்தப் பந்தயம் எல்லாம் மேஜை நடுவில் குவியும். அந்தக் குவியலுக்கு 'பாட்' என்று பெயர். கடைசியில் நல்ல கை வைத்திருப்பவர், அல்லது மற்றவர்களைப் பயமுறுத்திச் சீட்டைக் கீழே போட வைத்தவர், அந்த பாட்டை அள்ளிக்கொள்வார்.

இந்த ஆட்டத்தின் பிறந்த ஊர் டெக்சாஸில் உள்ள ராப்ஸ்டவுன் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007-ல் அங்கீகரித்திருக்கிறது. ஆனால், வீடு வீடாக இது பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் இணையத் தகுதிப் போட்டி ஒன்றில் சிறு தொகை கட்டி நுழைந்து, லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். 'ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரே ஜெயிக்கிறார், நமக்கென்ன?' என்று பலரும் சிப்ஸ் பெட்டி வாங்கினார்கள்.

போக்கரில் பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் வட்டக் காசுக்கும் பெயர் சிப்ஸ். வறுத்துத் தின்பதும் சிப்ஸ். இரண்டுக்கும் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர்தான்!

நம் கற்பனை வீட்டின் ஒரு ராத்திரி பில் இது. மூன்று பெரிய பீட்சா 45 டாலர். கோலா, பீர் எல்லாம் சேர்த்து 20. கொறிக்க 10. காகிதத் தட்டு, டம்ளர், டிஷ்யூ 5. மொத்தம் 80 டாலர்.

எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. வீட்டுக்காரர் தானும் சாப்பிட்டார். எனவே அவருடைய பத்தைக் கழித்துவிடுவோம். மீதி 70 டாலர் மற்ற ஏழு பேருக்காக அவர் கொடுத்தது.

ஒரு வாரத்துக்கு இது விருந்தோம்பல். ஆனால் வருஷத்துக்கு 50 வாரம் ஆடினால்? 3,500 டாலர். அந்த மேஜையில் வருஷம் முழுக்க அவ்வளவு தோற்றவர் வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் மற்றவர்கள் ஒரு வாரம் விட்டதை மறுவாரம் பிடித்துவிடலாம். வீட்டுக்காரர் விட்ட 70 டாலரை எந்தச் சீட்டும் திருப்பித் தராது.

'ஒரு டாலர்தானே!' என்று தொடங்கும் தப்பு

இந்த நிலையில் யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை ஒன்று உண்டு. "ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு டாலர் எடுத்து ஓரமாகப் போட்டுவிடலாம். யாருக்கும் வலிக்காது."

இதற்கு போக்கர் உலகில் 'ரேக்' என்று பெயர். சூதாட்ட விடுதிகள் பிழைப்பதே இதில்தான். சீட்டு கலைத்துப் போடும் ஊழியர், மேஜை, விளக்கு எல்லாவற்றுக்குமான கூலியை பாட்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள். யார் ஜெயித்தாலும் விடுதி தோற்காது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம்.

எட்டுப் பேர், ஆளுக்கு 20 டாலர். மேஜையில் மொத்தம் 160 டாலர். நண்பர்கள் பேச்சும் சிரிப்புமாக ஆடினால் மணிக்கு 20 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரத்தில் 80 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்றால் 80 டாலர். அதாவது, மேஜைக்கு வந்த பணத்தில் சரிபாதி ஓரத்து டப்பாவுக்குள் போய்விட்டது.

'பீட்சா பில்லும் அதே 80 டாலர்தானே, எப்படிக் கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். தொகை ஒன்றுதான். ஆனால் மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன.

முதல் வித்தியாசம், யார் கொடுக்கிறார்கள் என்பது. பாட்டிலிருந்து எடுத்தால், அதிக ஆட்டம் ஜெயித்தவர் அதிகம் கொடுக்கிறார். 16 ஆட்டம் ஜெயித்தவர் 16 டாலர் கொடுத்திருப்பார். பொறுமையாக உட்கார்ந்து மூன்று ஆட்டம் மட்டும் ஜெயித்தவர் மூன்று டாலர் கொடுத்துவிட்டு ஐந்து துண்டு பீட்சா சாப்பிட்டிருப்பார். ஜெயித்த ஆட்டத்துக்கும் தின்ற பீட்சாவுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது, எப்போது நிற்கும் என்பது. ஆட்டம் சூடுபிடித்து இன்னும் ஒரு மணி நேரம் நீண்டால் டப்பாவில் 100 டாலர் சேர்ந்துவிடும். பீட்சா பில் அதே 80 டாலர்தான். மிச்சம் 20 டாலர் யாருக்கு? யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே மாறிவிடுகிறது. நேற்றுவரை அவர் எட்டுப் பேரில் ஒருவர். இன்று, மற்ற ஏழு பேர் ஆட ஆட வருமானம் பார்க்கும் ஒருவர். "இன்னும் ரெண்டு ஆட்டம் போட்டுட்டுப் போலாமே" என்று அவர் சொன்னால், அது நட்பில் சொன்னதா, டப்பாவைப் பார்த்துச் சொன்னதா?

இந்தச் சந்தேகம் நண்பர்களுக்கு மட்டும் வருவதில்லை. சட்டத்துக்கும் வரும்.

சட்டம் கேட்கும் ஒரே கேள்வி

அமெரிக்காவில் சூதாட்டச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் கற்பனை வீடு இருக்கும் டெக்சாஸில் பந்தயம் கட்டி ஆடுவது பொதுவாகக் குற்றம். ஆனால் வழக்கு வந்தால் தற்காப்பாகச் சொல்வதற்கு, தண்டனைச் சட்டத்தின் 47.02-ம் பிரிவு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. ஆட்டம் தனிப்பட்ட இடத்தில் நடக்க வேண்டும். ஆடி ஜெயித்ததைத் தவிர வேறு எந்தப் பொருளாதார லாபமும் யாருக்கும் போகக் கூடாது. திறமை, அதிர்ஷ்டம் தவிர்த்து, ஜெயிக்கும் வாய்ப்பும் தோற்கும் அபாயமும் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஓரத்து டப்பாவில் மிஞ்சிய 20 டாலர் நினைவுக்கு வரும்.

ஹவாய் மாநிலம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே சூதாட்ட விடுதியே கிடையாது. ஆனால் நண்பர்கள் வீட்டில் கூடி ஆடுவதைச் 'சமூக ஆட்டம்' என்று சட்டம் தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. ஆடுபவர்கள் எல்லோரும் சம நிலையில் ஆட வேண்டும், வயதுவராதவர்கள் ஆடக் கூடாது என்று நிபந்தனைகள் உண்டு. ஆடி ஜெயிப்பதைத் தவிர, ஆட்டத்தை ஏற்பாடு செய்ததற்காகவோ, இடம் கொடுத்ததற்காகவோ யாரும் எதையும் பெறக் கூடாது. சாப்பாடும் குடிபானமும் லாபத்துக்கு விற்கவும் கூடாது. அதாவது, பீட்சாவில் லாபம் பார்ப்பதைக்கூடச் சட்டம் எழுதும்போதே யோசித்திருக்கிறார்கள்!

பிரிட்டனில் 2005-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. வீட்டில் ஆடும் தனிப்பட்ட ஆட்டத்துக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கலந்துகொள்வதற்குக் கட்டணம் கூடாது. அதற்கு என்ன பெயர் வைத்தாலும் கட்டணம் கட்டணம்தான். பந்தயப் பணத்திலிருந்தோ, ஜெயித்த பணத்திலிருந்தோ ஒரு பங்கைக் கழித்துக்கொண்டால் அதுவும் கட்டணமே என்று அந்தச் சட்டத்தின் 15-வது அட்டவணை தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

'ஜெயித்தவர் மட்டும் கொஞ்சம் கொடுக்கட்டும்' என்ற யோசனையும் அங்கே செல்லாது என்று அர்த்தம்.

ஒரு கோட்டைத் தாண்டிய மோலி

இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு மோலி ப்ளூமின் கதை ஒரு பாடம். 2017-ல் வெளியான 'மோலிஸ் கேம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்த மோலி, லாஸ் ஏஞ்சலஸில் சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் ஆடும் தனிப்பட்ட போக்கர் ஆட்டங்களை நடத்தத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது டிப்ஸ். ஆடியவர்கள் விருப்பப்பட்டுக் கொடுத்தது. பிறகு நியூயார்க் போனார். பந்தயம் பெருகியது. ஆடுபவர்களுக்குக் கடன் கொடுத்து, அது திரும்பி வராமல் போகும் ஆபத்தையும் சுமக்க வேண்டி வந்தது. அந்தச் சுமையைச் சமாளிக்க பாட்டிலிருந்து பங்கு எடுக்க ஆரம்பித்தார்.

2013-ல் கைது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2014-ல் அவருக்குக் கிடைத்தது ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 200 மணி நேரச் சமூக சேவையும்.

மோலியின் மேஜையில் புழங்கியது லட்சக்கணக்கான டாலர். நம் கற்பனை வீட்டில் புழங்குவது 160 டாலர். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் 'செலவைச் சமாளிக்கத்தானே எடுக்கிறோம்' என்ற முதல் நியாயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்தியாவிலும் வந்த வழக்கு

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். இதே கேள்வி நம் உச்ச நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. ஆட்டம் மட்டும் போக்கர் அல்ல, ரம்மி.

செகந்திராபாத்தில் ஒரு கிளப். உறுப்பினர்கள் காசு வைத்து ரம்மி ஆடினார்கள். சீட்டு ஆடுபவர்களிடம் கிளப் தனியாக ஒரு தொகை வாங்கியது. 'இது சூதாட்ட விடுதி' என்று போலீஸ் வழக்குப் போட்டது. ஆந்திர மாநில அரசின் மேல்முறையீட்டில் 1967-ல் தீர்ப்பு வந்தது.

ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் அல்ல, அதில் திறமையே தூக்கல் என்று நீதிபதிகள் சொன்னது பிரபலம். மூன்று சீட்டு ஆட்டம் போல அல்ல இது என்றார்கள். ஆனால் இந்த வாரக் கணக்குக்குத் தேவையானது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி.

பில்லியர்ட்ஸுக்கும் டென்னிஸுக்கும் கிளப்கள் கட்டணம் வாங்குவதுபோலச் சீட்டுக்கும் அளவான தொகை வாங்கலாம். நேரம் கடந்து உட்கார்ந்தால் கூடுதலாக வாங்கலாம். வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அதனால் மட்டும் அந்த இடம் சூதாட்ட விடுதி ஆகிவிடாது. ஆனால், இடத்துக்குச் சொந்தக்காரர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், குற்றம் நிரூபணமாகலாம். தீர்ப்பின் சாரம் இதுதான்.

செலவா, லாபமா? இங்கேயும் கேள்வி அதேதான். தமிழ்நாட்டின் 1930-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் ஒரு வீட்டைச் 'சூதாட்ட விடுதி' என்று சொல்ல, அந்த வீட்டை வைத்திருப்பவர் இடத்துக்கோ, சீட்டுக்கட்டுக்கோ காசு வாங்கி லாபம் பார்க்கிறாரா என்பதைத்தான் கவனிக்கிறது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ நம்ம வீட்லயும் காசு வெச்சு போக்கர் ஆடலாம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதம் இந்திய நீதிமன்றங்களில் இன்னும் ஓயவில்லை. 2022-ல் தமிழ்நாடு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் இருந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகவே சட்டம் நிறைவேற்றியது. சீட்டில் சொத்தை விட்ட குடும்பங்களின் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் செலவைப் பகிரும் கணக்கு சீட்டோடு நின்றுவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டு, ஐ.பி.எல். ராத்திரி, மாதாந்திர மகளிர் கூட்டம்... ஒரே வீட்டில் வாரா வாரம் கூடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பகிர வேண்டியது எது?

சரி, நம் டெக்சாஸ் வீட்டுக்குத் திரும்புவோம். செலவை இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். வீட்டிலேயே தங்குவது ஒன்று. அன்றைக்கே தீர்ந்துபோவது இன்னொன்று.

சிப்ஸ் பெட்டி, பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு, மேஜை விரிப்பு ஆகியவை தங்குபவை. எல்லாம் சேர்த்து 300 டாலர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் உழைத்தால் 150 ராத்திரி. ராத்திரிக்கு இரண்டு டாலர். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 25 சென்ட். இதற்குப் போய் வசூல் தேவையா?

அதைவிடப் பெரிய சங்கடம் பின்னால் இருக்கிறது. எட்டுப் பேரும் காசு போட்டு மேஜை வாங்கினால், ஒருவர் வேலை மாறி வேறு ஊர் போகும்போது மேஜையில் அவர் பங்கு என்ன ஆகும்? எனவே, வீட்டில் தங்குவதை வீட்டுக்காரரே வாங்கட்டும். அது அவருடைய சொத்து.

பீட்சா, கோலா, காகிதத் தட்டு ஆகியவை தீர்ந்துபோபவை. இவற்றைத்தான் எல்லோரும் பகிர வேண்டும். இதில் வீட்டுக்காரர் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

எப்படிப் பகிர்வது? வழக்கத்தில் இருக்கும் வழிகள் சில.

முறை வைத்து வீடு மாற்றுவது. எட்டுப் பேரும் முறை வைத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் செலவு. கணக்கே எழுத வேண்டாம். ஆனால் எல்லோர் வீட்டிலும் இடம் இருக்காது. கைக்குழந்தை இருக்கும் வீடு, படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு, ஒரே அறை வீடு ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். அவர்கள் வேறு வகையில் ஈடுகட்டலாம்.

ஆளுக்கு ஒன்று கொண்டுவருவது. ஒருவர் பீட்சா, ஒருவர் குடிபானம், ஒருவர் பழம். காசு கைமாறவே இல்லை என்பதால் சட்டச் சிக்கலும் குறைவு. ஒரே பிரச்னை, எல்லோருமே சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து நிற்பார்கள்! வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே யார் எது என்று எழுதிவிட வேண்டும்.

பில்லைப் பிரிப்பது. உணவு வந்ததும் பில்லைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, ஆளுக்குப் பத்து டாலர் என்று சொல்லிவிடுவது. இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். சீட்டு போடுவதற்கு முன்பே கணக்கை முடித்துவிட வேண்டும். பில் தொகைக்கு மேல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. 'எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று சொல்பவரையும் ஆட விட வேண்டும். சாப்பாட்டுக்குத்தான் காசு, ஆட்டத்துக்கு அல்ல என்பது அப்போதுதான் உண்மையாகும்.

சமையலறைக் கிண்ணம். சமையலறை ஓரத்தில் ஒரு கிண்ணம், பக்கத்தில் அன்றைய பில். விருப்பம் உள்ளவர் விருப்பப்பட்டதைப் போடலாம். கிண்ணம் சீட்டு மேஜையில் இருக்கக் கூடாது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்கவும் கூடாது. மிஞ்சினால் அடுத்த வார பீட்சாவுக்கு. வீட்டுக்காரர் பைக்கு அல்ல.

நுழைவுத்தொகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைப் பரிசாகக் கொடுப்பது பலருக்கும் தோன்றும் இன்னொரு வழி. "20 டாலர் வாங்கி 16 டாலரைப் பரிசில் சேர்ப்போம், நாலு டாலர் செலவுக்கு." பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் இது வேறு வாசல் வழியாக வரும் அதே ரேக். ஆட்டத்துக்குள் வந்த பணம் முழுக்க ஆடியவர்களுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்த விதியை உடைக்காமல் இருந்தால் பல தலைவலிகள் வராது.

எந்த வழியானாலும், அந்தந்த மாநிலச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு மாநிலம் கண்டுகொள்ளாததை அடுத்த மாநிலம் குற்றம் என்று சொல்லலாம்.

பில்லில் வராத செலவு

இவ்வளவும் செய்து 80 டாலரைப் பகிர்ந்தாகிவிட்டது. குப்பைப் பையோடு நின்ற மனைவிக்கு இதில் என்ன கிடைத்தது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டைப் பெருக்கித் துடைத்து ஒழுங்குபண்ண ஒரு மணி நேரம். ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி சுத்தம் பண்ண ஒரு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 50 வாரத்துக்கு 100 மணி நேரம். அந்த ராத்திரிகளில் சத்தத்தில் தூங்காத குழந்தை வேறு. டி.வி. பார்க்கக்கூட ஹாலுக்கு வர முடியாத ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். அவர் ஒரு சீட்டுகூடத் தொட்டதில்லை.

இந்தச் செலவை டாலரில் திருப்பித் தர முடியாது. தரவும் கூடாது. 'இடம் கொடுத்ததற்குக் கூலி' என்று ஆகிவிட்டால் மறுபடி அதே சட்டச் சிக்கல். ஆனால் காசில்லாமல் திருப்பித் தர வழி இருக்கிறது.

ஆட்டம் முடியும் நேரத்தைத் தொடங்கும்போதே சொல்லிவிடலாம். 'பதினொன்றுக்குக் கடைசிக் கை' என்றால் பதினொன்றுதான். தோற்றுக்கொண்டிருப்பவர் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சும்போது இந்த விதி அவருடைய பர்ஸையும் சேர்த்துக் காப்பாற்றும்.

வாரம் இரண்டு பேர் முறை வைத்துக் கடைசி வரை இருந்து, பெட்டி மடித்து, தரை துடைத்து, குப்பையை வெளியே வைத்துவிட்டுப் போகலாம். இருவருக்கு இருபது நிமிஷ வேலை. ஒரே ஆள் செய்தால் ஒரு மணி நேரம்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்கு விடுமுறை விடலாம். வேறு வீடு கிடைக்காவிட்டால் அன்று ஆட்டமே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்காரர் நண்பர்களிடம் "வாங்க" என்று சொல்வதற்கு முன் வீட்டுக்குள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "அடுத்த வாரம் நம்ம வீட்ல வெச்சுக்கலாமா?" பதில் "வேணாம்" என்று வந்தால், அதற்கு மேல் பேச்சு இல்லை.

இப்படிக் கூடும் ஆட்டங்கள் சண்டை போட்டுக்கொண்டு உடைவது குறைவு. பெரும்பாலும் சத்தமில்லாமல் நின்றுபோகும். 'இந்த வாரம் உடம்பு சரியில்லை', 'அடுத்த வாரம் விருந்தாளி வர்றாங்க' என்று வீட்டுக்காரர் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுவார். நாலாவது வாரம் யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் நின்றது என்பது மற்ற ஏழு பேருக்குக் கடைசிவரை தெரியாது. வருஷம் 3,500 டாலரும், 100 மணி நேரமும், சமையலறையில் நின்ற ஒருவரின் பொறுமையும் சேர்ந்து தீர்ந்துபோனதை யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் வாரா வாரம் ஒரே நண்பர் வீட்டுக்குப் போகிறவர் நீங்கள் என்றால், அது சீட்டோ, கேரமோ, கிரிக்கெட்டோ, அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர் கேட்க மாட்டார். வீட்டுக்காரரால் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி இது. "இன்னைக்கு பில்லு எவ்வளவு ஆச்சு?" என்று முதலில் கேட்பவர் விருந்தாளியாக இருப்பதுதான் அழகு.

கிளம்பும்போது அந்தக் குப்பைப் பையையும் கையோடு எடுத்துப் போய் வெளியே வைத்துவிடுங்கள்.

(கணக்கு தொடரும்)